யார் செய்த வினை?

1949 பிப்ரவரியில் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில், ரமண மகரிஷியின் இடது முழங்கையருகே இருந்த சின்னக் கட்டி ஒன்றை மருத்துவர்கள் அறுத்து எடுத்தார்கள். கொஞ்ச நாளில் அதே இடத்தில் அது மறுபடி தலைகாட்டியது. மார்ச்சில் இரண்டாவது அறுவை, ஆகஸ்டில் அடுத்தது, டிசம்பரில் கடைசி. பரிசோதனையில் தெரியவந்த பெயர் சார்கோமா. தசை, நார், எலும்பு போன்ற திசுக்களில் முளைக்கும் புற்று அது. கையை எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள், அவர் சம்மதிக்கவில்லை. ரேடியம் வைத்தார்கள். பச்சிலை கட்டினார்கள். ஹோமியோபதியும் நடந்தது. 1950 ஏப்ரல் 14 இரவு அவர் மறைந்தார்.

அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கு ஒரு சங்கடம். புற்றுநோய் பாவத்தின் பலன் என்று கேட்டே வளர்ந்தவர்கள் அவர்கள். வினையெல்லாம் எரிந்துபோனவர் என்று தாங்கள் வணங்கிய ஒருவருக்கு அது எப்படி வரும்? பலர் கண்ட விடை, அடியார்களின் வினையை அவர் தன் உடம்பில் வாங்கிக்கொண்டார் என்பது. 1886இல் தொண்டைப் புற்றில் இறந்த ராமகிருஷ்ண பரமஹம்சரைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள். அன்பில் பிறந்த விளக்கம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது ஒரே நோய்க்கு இரண்டு கணக்கு வைக்கிறது. ஞானியின் கையில் வந்தால் கருணை. அடுத்த தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் பெண்ணின் மார்பில் வந்தால் பாவம்.

அந்தப் பெண்ணே அப்படித்தான் நினைக்கிறார் என்பதுதான் கொடுமை. எந்த ஊர் அரசு மருத்துவமனையிலும் புற்றுநோய்ப் பிரிவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றால் போதும். “போன ஜென்மத்துல யார் குடியைக் கெடுத்தேனோ” என்று நோயாளி முனகுவார். “உன் மனசுக்கு இது வந்திருக்கக் கூடாதுடி” என்று கூட வந்த அத்தை ஆறுதல் சொல்வார். அந்த ஆறுதலுக்குள்ளும் அதே கணக்குதான் இருக்கிறது: வேறு யாருக்கோ வந்திருந்தால் சரியாக இருந்திருக்கும்.

நோய் என்பது அது வந்தவரைப் பற்றிய தீர்ப்பா? சமயங்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விவாதித்துவரும் இந்தக் கேள்விக்குக் கடந்த நூறாண்டுகளில் எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து சாட்சியம் வந்திருக்கிறது. சொன்னவர்கள் கோழிகளையும் எலிக்குட்டிகளையும் ஆராய்ந்தவர்கள். வினையைப் பற்றி அவர்கள் யோசித்திருக்கவே மாட்டார்கள்.

ரமணர் பிறந்த அதே 1879இல் அமெரிக்காவில் பிறந்தவர் பெய்டன் ரவுஸ். 1909இல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆய்வுக்கழகத்தில் இருந்த அவரிடம் நெஞ்சில் கட்டியுள்ள ஒரு பிளிமத் ராக் கோழி வந்து சேர்ந்தது. அதுவும் சார்கோமாதான். கட்டியை அரைத்து, செல்களும் பாக்டீரியாக்களும் புகமுடியாத நுண்வடிகட்டியில் வடித்து, அந்த நீரை வேறு கோழிகளுக்கு ஊசியாகப் போட்டார். அவற்றுக்கும் கட்டி வந்தது. வடிகட்டியைத் தாண்டி ஏதோ போயிருக்கிறது. அது ஒரு வைரஸ். 1911இல் அவர் இதை வெளியிட்டபோது துறையினர் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நோபல் பரிசு 1966இல் வந்தது. அப்போது அவருக்கு வயது 87.

அதன்பிறகு ஒரு கட்டத்தில் பலரும் நம்பியது இதுதான்: புற்று வெளியிலிருந்து வருகிறது, வைரஸ் கொண்டுவருகிறது, வைரஸைப் பிடித்தால் நோயைப் பிடித்துவிடலாம். தீமை வெளியே இருப்பதாக நினைப்பதில் எப்போதும் ஒரு நிம்மதி உண்டு. அந்த நிம்மதி 1976இல் கலைந்தது. சான்ஃபிரான்சிஸ்கோவில் மைக்கேல் பிஷப், ஹெரால்டு வார்மஸ், டொமினிக் ஸ்டெஹலின் ஆகியோர், பீட்டர் வோக்ட் என்ற வைரஸ் ஆய்வாளருடன் சேர்ந்து, ரவுஸ் வைரஸில் புற்றை உண்டாக்கும் மரபணுவைத் தேடிப் போனார்கள். ‘சார்க்’ என்று அதற்குப் பெயர். அது வைரஸே பட்டிராத ஆரோக்கியமான கோழியின் செல்களில் இருந்தது. காடையில் இருந்தது, வாத்தில் இருந்தது, ஈமுவிலும் இருந்தது. பிறகு மனிதரிலும் அதன் இணை கிடைத்தது. வைரஸ் எப்போதோ ஒரு கோழியிடமிருந்து எடுத்துக்கொண்ட நல்ல மரபணு அது. எடுத்த இடத்தில் அதற்கு ஒரு வேலை இருந்தது. வைரஸுக்குள் போனபிறகுதான் அது கெட்டது.

என்ன வேலை அது? விடை, முற்றிலும் வேறொரு ஆய்விலிருந்து வந்துகொண்டிருந்தது.

முசோலினியின் 1938ஆம் ஆண்டு இனச் சட்டங்கள் இத்தாலிய யூதர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்து விரட்டியபோது, டூரின் நகரில் ரீட்டா லெவி மொந்தால்சினி என்ற இளம் மருத்துவர் தன் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டு கோழிக் கருக்களின் நரம்புகளை ஆராய்ந்தார். போருக்குப் பிறகு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸுக்குப் போனார். அங்கே எலியின் சார்கோமாத் துண்டைக் கோழிக் கருவில் ஒட்டவைத்தபோது கண்ட காட்சி அவரைப் பிடித்துக்கொண்டது. கருவின் நரம்பு இழைகள் கட்டியை நோக்கித் தறிகெட்டு வளர்ந்தன, இரத்தக் குழாய்களுக்குள்ளேகூட நுழைந்தன. கட்டியிலிருந்து ஏதோ ஒரு பொருள் கசிந்து “வளர்” என்று சொல்கிறது. 1952இல் கட்டி உள்ள எலிகளை விமானத்தில் தன்னோடு ரியோ டி ஜெனிரோவுக்குக் கொண்டுபோய், அங்கே கண்ணாடித் தட்டில் அதை உறுதிசெய்தார். நரம்பு முடிச்சைச் சுற்றி ஒளிவட்டம் போல இழைகள் கிளம்பின. முதன்முதலாக இனங்காணப்பட்ட வளர்ச்சிக் காரணி இதுதான். உடலின் நல்ல வளர்ச்சியை நடத்தும் பொருளின் முதல் தடயம் ஒரு புற்றுக்கட்டியில் கிடைத்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

அவருடன் வேலை செய்த ஸ்டான்லி கோஹென் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். எலிக்குட்டி வழக்கமாகக் கண் திறக்க இரண்டு வாரம் ஆகும். இந்தக் குட்டிகள் ஏழாம் நாளே திறந்தன. பல்லும் முன்னதாகவே முளைத்தது. இமைத் தோலை வளர்த்து முதிரவைத்த அந்தப் பொருளுக்கு ‘மேல்தோல் வளர்ச்சிக் காரணி’ என்று பெயர். சுருக்கமாக ஈ.ஜி.எஃப். இருவருக்கும் 1986இல் நோபல் கிடைத்தது.

இப்போது மருத்துவம் அறிந்த கதை இது. மனித உடலில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி செல்கள். ஒரு செல் தானாக முடிவெடுத்துப் பிரிவதில்லை. பக்கத்துச் செல்களிடமிருந்தோ இரத்தத்திலிருந்தோ சேதி வரவேண்டும். ஈ.ஜி.எஃப். என்பது அப்படிப்பட்ட ஒரு சேதி. செல்லின் மேற்பரப்பில் அதற்கென்றே ஏற்பிகள் உண்டு. ஏற்பியின் ஒரு முனை வெளியே, மறுமுனை உள்ளே. ஈ.ஜி.எஃப். வந்து ஒட்டியதும் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்கின்றன. உள்முனைகள் ஒன்றன்மேல் ஒன்று பாஸ்பேட் முத்திரை பதிக்கின்றன. அந்த முத்திரையைப் பார்த்து இரண்டொரு புரதங்கள் ஓடிவந்து, சவ்வின் உட்புறம் உறங்கிக்கொண்டிருக்கும் ‘ராஸ்’ என்ற சின்னப் புரதத்தை எழுப்பிவிடுகின்றன. ராஸ் ராஃபை எழுப்பும், ராஃப் மெக்கை, மெக் எர்க்கை. எர்க் உட்கருவுக்குள் போய், பிரிவதற்கான மரபணுக்களை இயக்கும். வெட்டுக்காயம் ஆறுவதும் குடலின் உட்சுவர் சில நாளுக்கொருமுறை புதிதாவதும் இந்த வழியாகத்தான். கருவறையில் ஒற்றைச் செல் குழந்தையாவதற்கும் இந்த வழி வேண்டும்.

ராஸ் விழித்தபடியே இருந்துவிடக் கூடாது. அதற்கும் ஏற்பாடு உண்டு. தன்னோடு ஒட்டியிருக்கும் ஜி.டி.பி. என்ற மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை அதுவே வெட்டிவிட்டு மறுபடி உறங்கிவிடும். 1982இல் அமெரிக்காவில் மூன்று ஆய்வுக்குழுக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஒரு சிறுநீர்ப்பைப் புற்றின் செல்களில் ராஸ் மரபணுவைப் படித்துப் பார்த்தன. 189 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில் பன்னிரண்டாவது இடத்தில் கிளைசினுக்குப் பதில் வேலின் இருந்தது. மரபணு எழுத்தில் சொன்னால், ஜி இருக்கவேண்டிய ஓரிடத்தில் டி. அவ்வளவுதான். 300 கோடி எழுத்துகளில் ஒன்று. அந்த ஒன்றால் ராஸுக்கு பாஸ்பேட்டை வெட்ட வரவில்லை. வாசலில் அழைப்பு மணியை அழுத்திய ஆள் போய்ச் சேர்ந்த பிறகும் மணி அடித்துக்கொண்டே இருப்பதைப் போல, சேதியே வராத செல்லுக்குள் “வளர்” என்ற கட்டளை ஓயாமல் ஒலிக்கிறது. இந்த ஒரு கோளாறு மட்டும் புற்றாகிவிடாது. வேறு தடைகளும் தகரவேண்டும். ஆனாலும் மனிதப் புற்றுகளில் ஐந்தில் ஒன்றில் ராஸ் குடும்பத்தின் கோளாறு காணப்படுகிறது. கணையப் புற்றில் பெரும்பாலானவற்றில் அது இருக்கிறது.

1983, 1984இல் மீதிக் கண்ணிகளும் சேர்ந்தன. குரங்கின் சார்கோமா வைரஸில் இருந்த ஒரு மரபணு, இரத்தத் தட்டுகள் காயத்தில் சுரக்கும் வளர்ச்சிக் காரணியின் நகல். கோழியின் இரத்தப் புற்று வைரஸில் இருந்த இன்னொன்று, ஈ.ஜி.எஃப். ஏற்பியின் வெட்டுண்ட வடிவம். புற்று என்று தனியாக ஒரு ஜந்து கிடையாது. புற்றுக்கென்று ஒரு மொழியும் கிடையாது. குழந்தையை வளர்த்த அதே கட்டளைகள் அங்கேயும் ஓடுகின்றன.

இந்த இடத்தில் ஒரு தமிழ் வாசகருக்கு ஆணவ மலம் நினைவுக்கு வரலாம். செம்பில் களிம்பு போல உயிரோடு அநாதியாகக் கூடவே இருப்பது என்று சைவ சித்தாந்தம் சொல்வது. உள்ளேயே இருக்கும் குற்றம் என்ற வகையில் ஒற்றுமை கண்ணில் படுகிறது. உடனே ‘நம் முன்னோர் அன்றே சொன்னார்கள்’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி தயாராகிவிடும். பொருத்திப் பார்த்தால் ஒட்டவில்லை. சித்தாந்தத்தில் ஆணவத்தின் வலிமை அடங்குவதுதான் முத்தி. ராஸின் கதை வேறு: அதன் முக்கிய வடிவமான கே-ராஸ் மரபணுவை நீக்கிய எலிகள் பிறப்பதே இல்லை, கருவிலேயே இறந்துவிடுகின்றன. அது களிம்பு இல்லை, செம்பேதான். ஆன்மாவைப் பற்றிச் சொன்னதை உடலின்மேல் ஏற்றினால் இரண்டுக்கும் அநியாயம்.

வினைக் கொள்கை பக்கம் வருவோம். நம் மண்ணின் சமயங்கள் எல்லாமே ‘எந்த நோயும் பழவினையே’ என்று ஒரே குரலில் சொல்லிவிடவில்லை. பாலி மொழியின் சம்யுத்த நிகாயத்தில் ஓர் உரையாடல் உண்டு. ராஜகிருகத்து மூங்கில் தோப்பில் மோலிய சீவகன் என்ற துறவி புத்தரிடம் வந்து, மனிதன் அனுபவிக்கும் இன்ப துன்பம் அனைத்தும் முன்செய்த வினையால்தான் என்று சிலர் சொல்கிறார்களே, சரியா என்று கேட்கிறார். புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்குகிறார்: பித்தம், கபம், வாதம், மூன்றின் சேர்க்கை, பருவ மாற்றம், தாறுமாறான நடத்தை, வெளித்தாக்குதல், வினையின் விளைவு. எட்டில் ஒன்றுதான் வினை. எல்லாவற்றையும் வினையின் தலையில் கட்டுபவர்கள் தாங்களே அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் தாண்டிப் பேசுகிறார்கள் என்று அவர் முடிக்கிறார். வினையை மறுக்காத ஒருவர் சொன்னது இது.

திருக்குறளிலும் கவனிக்கத்தக்க ஒரு செய்தி இருக்கிறது. ஊழுக்குத் தனி அதிகாரமே வைத்த வள்ளுவர், ‘மருந்து’ அதிகாரத்தின் பத்துக் குறளிலும் ஊழை அழைக்கவில்லை. மிகுதி, குறைவு, செரிமானம், அளவு, மருத்துவனின் கடமை என்றே பேச்சு போகிறது. விவிலியத்தின் யோபு நூலில் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று நண்பர்கள் புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்திருக்கும் யோபுவிடம் ‘நீ ஏதோ செய்திருப்பாய், ஒத்துக்கொள்’ என்று அதிகாரம் அதிகாரமாக வாதாடுகிறார்கள். நூலின் முடிவில் கடவுளின் கோபம் யோபுவின் மேல் பாயவில்லை; அந்த மூவர்மேல் பாய்கிறது. மருத்துவமனை வாசலில் நின்று காரணம் கண்டுபிடிப்பவர்கள் இந்த முடிவை ஒருமுறை வாசிக்கலாம்.

பகுத்தறிவாளர்களும் இந்த விஷயத்தில் அப்படியொன்றும் சுத்தமில்லை. கடவுளைக் கைவிட்ட பிறகும் மேற்குலகம் தண்டனைக் கணக்கைக் கைவிடவில்லை. கோபத்தை அடக்கியவர்களுக்கும் உணர்ச்சியை வெளிக்காட்டாதவர்களுக்கும் புற்று வரும் என்று இருபதாம் நூற்றாண்டில் உளவியலின் பெயரால் பேசப்பட்டது. 1975இல் மார்பகப் புற்றுக்கு ஆளான எழுத்தாளர் சூசன் சோண்டாக், இந்தப் பேச்சைக் கிழித்துப்போட 1978இல் ஒரு நூலே எழுதினார். நோயாளிமேல் நோயையும் சுமத்தி, அதன் பொறுப்பையும் சுமத்துகிறீர்கள் என்பது அவர் வாதம். ‘பாசிட்டிவாக நினைத்தால் குணமாகும்’ என்று இன்று நம்மூர் யூடியூப் குருமார்கள் சொல்வது அதன் மறுபிறவி. குணமாகாதவர் சரியாக நினைக்கவில்லை என்றல்லவா அதற்குப் பொருள்?

சரி, வினைக் கணக்கில் உண்மையே இல்லையா? இருக்கிறது. அதைத் தேடவேண்டிய இடம் நுரையீரல். புகையிலைப் புகையில் உள்ள இரசாயனங்கள் டி.என்.ஏ.வில் ஒரு குறிப்பிட்ட வகைப் பிழையை, ஜி எழுத்தை டி ஆக மாற்றுவதை, அதிகமாகச் செய்கின்றன. புகைப்பவர்களின் நுரையீரல் புற்றில் அடிக்கடி காணப்படும் ஒரு கே-ராஸ் பிழை இந்த வகைதான். பிழையைப் பார்த்தே புகையின் கைரேகையைச் சொல்லிவிடலாம். செய்தவனுக்கே பலன் என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் கிடைக்காது. இங்கேயும் பிறவி தாண்ட வேண்டியதில்லை; முப்பது வருடம் போதும். ஆனால் வாழ்நாள் முழுக்கப் புகைத்தவர்களில் பெரும்பாலோருக்கு நுரையீரல் புற்று வருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஒரே செயலைச் செய்த இருவரில் ஒருவர் மட்டும் சிக்குகிறார்.

அதே வார்டில் பக்கத்துக் கட்டிலில் பீடியைத் தொட்டுக்கூடப் பார்க்காத பெண் படுத்திருப்பார். 2003இல் கெஃபிடினிப் என்ற மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ஈ.ஜி.எஃப். ஏற்பியின் உள்முனையை முடக்குவது அது. பெரும்பாலான நோயாளிகளுக்கு அது பயன்படவில்லை. பத்தில் ஒருவருக்கோ கட்டி சில வாரங்களில் கரைந்தது. யார் அந்த ஒருவர் என்று பார்த்தால், பெண்கள், புகைக்காதவர்கள், கிழக்காசியர்கள் அதிகம். 2004இல் பாஸ்டனின் இரு ஆய்வுக்குழுக்கள் காரணத்தைக் கண்டன: அவர்களின் கட்டிகளில் ஈ.ஜி.எஃப். ஏற்பியிலேயே பிழை. சேதி வராமலேயே ஏற்பி விழித்திருந்தது. இவர்கள் என்ன செய்தார்கள்? சுவாசித்தார்கள், வேறொன்றுமில்லை.

சுவாசித்ததுதான் விஷயம் என்று 2023இல் தெரியவந்தது. லண்டன் ஃபிரான்சிஸ் கிரிக் ஆய்வுக்கழகத்தின் சார்ல்ஸ் ஸ்வான்டன் குழு ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு அது. புற்று இல்லாத 295 நுரையீரல் திசு மாதிரிகளை அவர்கள் நுணுகிப் பார்த்தார்கள். 18 சதவீதத்தில் ஈ.ஜி.எஃப். ஏற்பிப் பிழையும் 53 சதவீதத்தில் கே-ராஸ் பிழையும் ஏற்கெனவே இருந்தன. அந்தத் திசுக்களில் கட்டி இல்லை. வயது ஏற ஏற, செல்கள் பிரியப் பிரிய, இப்படிப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகின்றன. இங்கிலாந்து, தென் கொரியா, தைவான் தரவுகளில், காற்றில் பி.எம். 2.5 என்ற நுண்தூசி கூடக்கூட ஏற்பிப் பிழையுள்ள நுரையீரல் புற்றும் கூடியது. எலிகளில் செய்த சோதனை அதன் வழியைக் காட்டியது. தூசி புதிதாகப் பிழையை எழுதவில்லை. அது அழற்சியைக் கிளப்புகிறது. அழற்சி, பிழையோடு சும்மா கிடந்த செல்லை எழுப்பிவிடுகிறது.

வினைக் கொள்கைக்கு இது ஓர் உண்மையான சிக்கல். செய்தவனையே பலன் தேடி வரும் என்பதுதான் அதன் நீதி. இங்கே செய்தவர் ஒருவர், அனுபவிப்பவர் இன்னொருவர். அனல் மின் நிலையத்தின் பக்கத்துக் குப்பத்திலோ லாரிகள் வரிசைகட்டும் நெடுஞ்சாலை ஓரத்திலோ வசிப்பவர் என்ன மூச்சு விடவேண்டும் என்பதை முடிவுசெய்தவர்கள் அந்தத் தெருவில் வசிப்பதில்லை. ‘அங்கே பிறந்ததே பழவினைதானே’ என்று ஒருவர் வாதிடலாம். அப்படி வாதிட்டால் புகைபோக்கிக்கு வடிகட்டி பொருத்தவேண்டிய கடமை யாருக்கும் இல்லாமல் போகும். ஒரு கொள்கை எவரைக் காப்பாற்றுகிறது என்று பார்ப்பதும் தத்துவ விசாரணையில் ஒரு பகுதிதான்.

இன்னொரு முகாமிலிருந்து வேறு விடை வருகிறது. ஜான் போல்கிங்ஹார்ன் கேம்பிரிட்ஜில் இயற்பியல் பேராசிரியர், பிறகு ஆங்கிலிகன் பாதிரியார் ஆனவர், 2021இல் மறைந்தார். அவர் தண்டனை என்ற பேச்சையே எடுக்கவில்லை. செல்களின் டி.என்.ஏ.வில் மாற்றம் நிகழும் என்பதால்தான் பரிணாமம் நடந்தது, புதிய உயிர்கள் வந்தன. அதே மாற்றம் சில செல்களைப் புற்றாக்கும். ஒன்று வேண்டும், மற்றது வேண்டாம் என்று கேட்க முடியாது என்றார். தன்னைத் தானே உருவாக்கிக்கொள்ளும் உலகத்துக்கு இது விலை. கடவுளின் கவனக்குறைவும் இல்லை, கொடுமையும் இல்லை.

நல்ல வாதம். நோயாளியைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிடுகிறது. வளர்ச்சிக் கட்டளைக்கும் புற்றுக்கும் உள்ள உறவு அதற்குப் பக்கபலமாகவும் நிற்கிறது. பிரிட்டனின் பத்து லட்சம் பெண்கள் ஆய்வில், உயரம் 10 சென்டிமீட்டர் கூடும்போது புற்றின் அபாயம் சுமார் 16 சதவீதம் கூடுவது தெரிந்தது. வளர்ந்தவர் வளர்ந்ததற்கே கொஞ்சம் கட்டுகிறார்.

இதன் மறுபக்கம் ஈக்வடாரின் தெற்கே லோஹா மாகாண மலைக் கிராமங்களில் இருக்கிறது. அங்கே மூன்றரை அடி உயரத்தைச் சுற்றியே நின்றுவிடும் சிலர் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். லாரோன் குறைபாடு என்று பெயர். அவர்கள் உடலில் வளர்ச்சி ஹார்மோன் நிறைய உண்டு. அதை வாங்கும் ஏற்பி பழுது. அதனால் கல்லீரல் ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியைப் போதுமான அளவு சுரப்பதில்லை. அவர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்துவந்த ஈக்வடார் மருத்துவர் ஹைமே கெவாரா அகிர்ரேயும், கலிஃபோர்னியாவின் வால்டர் லோங்கோவும் 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 22 ஆண்டுகள் பின்தொடர்ந்த 99 பேரில் ஒரே ஒருவருக்குப் புற்று வந்திருந்தது, அவரும் அதனால் இறக்கவில்லை. ஒருவருக்கும் நீரிழிவு இல்லை. அதே வீடுகளில், அதே உணவு உண்டு, சராசரி உயரத்துக்கு வளர்ந்த உறவினர்களில் 17 சதவீதத்தினருக்குப் புற்று வந்திருந்தது. இதைப் படித்துவிட்டு அந்த உடம்பைப் பொறாமையோடு பார்க்க வேண்டாம். அவர்கள் மற்றவர்களைவிட நீண்டநாள் வாழ்ந்துவிடவில்லை. விபத்திலும் குடியிலும் வலிப்பிலும் இறந்தார்கள். ஐ.ஜி.எஃப்-1 ஊசி போட்டால் குழந்தைகள் கொஞ்சம் வளர்வார்கள். எந்தத் தாயிடம் கேட்டாலும் ஊசி போடுங்கள் என்றுதான் சொல்வாள்.

ஆக, வளர்ச்சி வேண்டுமென்றால் புற்றின் வாய்ப்பையும் ஏற்கத்தான் வேண்டும், போல்கிங்ஹார்ன் சொன்னது சரி என்று முடித்துவிடலாமா? யானை குறுக்கே நிற்கிறது. மனிதனைவிடப் பல மடங்கு செல்கள், ஏறக்குறைய மனித ஆயுள். பிழைகள் சேர்வதற்கு அத்தனை வாய்ப்பு இருந்தும் யானைக்குப் புற்று மிகக் குறைவு. காரணங்களில் ஒன்று 2015இல் வெளியானது. பழுதான செல்லைத் தடுத்து நிறுத்தவோ சாகடிக்கவோ செய்யும் டி.பி.53 என்ற மரபணு நமக்கு ஒன்றுதான். யானைக்கு அதன் 20 பிரதிகள். யானை வளராமல் போய்விட்டதா? அதன் இனம் பரிணமிக்காமல் நின்றுவிட்டதா? விலை கட்டித்தான் ஆகவேண்டும் என்பதை ஒப்புக்கொண்டாலும், இந்த அளவு விலைதான் என்பதை யாரும் நிறுவவில்லை. மூன்று வயதுக் குழந்தையின் நரம்புக் கட்டிக்கு ‘உலகம் தன்னை உருவாக்கிக்கொள்வதன் விலை’ என்று எழுதிக்கொடுக்கும் இறையியல், யானைக்குக் கிடைத்த சலுகை அந்தக் குழந்தைக்கு ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். போல்கிங்ஹார்னின் வாதத்தில் அந்தப் பதில் கிடைக்கவில்லை.

‘எல்லாம் அதிர்ஷ்டம்’ என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. 2015இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் தொமசெட்டி, வோகெல்ஸ்டைன் இருவரும், உடலின் வெவ்வேறு உறுப்புகளுக்கிடையே புற்றின் அபாயம் வேறுபடுவதில் மூன்றில் இரு பங்கு, அங்கே தண்டுச் செல்கள் எத்தனை முறை பிரிகின்றன என்பதோடு பொருந்துகிறது என்று எழுதினார்கள். மறுநாள் உலகப் பத்திரிகைகள் பலவும் ‘மூன்றில் இரண்டு புற்று துரதிர்ஷ்டம்’ என்று தலைப்பு போட்டுவிட்டன. அவர்கள் சொன்னது அதில்லை. உறுப்புக்கு உறுப்பு உள்ள வித்தியாசம் வேறு, ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் வேறு. தற்செயலாகச் சேரும் பிழை ஒருபக்கம் இருக்க, அதை எழுப்பும் புகையும் தூசியும் தற்செயலாக வருவதில்லை.

தத்துவமாகப் பார்த்தால் கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான், ஆனால் உறுதியானது. ராஸின் பன்னிரண்டாம் இடத்துப் பிழையில் அந்த மனிதரின் குணம் எழுதப்பட்டிருக்கவில்லை. ‘ஏன் எனக்கு’ என்பதற்கு இதுவரை வந்த விடைகளில் பாவம் என்பதுதான் மிக மோசமானது. உண்மையும் இல்லை, உதவியும் இல்லை. உபதேச உந்தியாரின் தொடக்கத்தில் ரமணரே கன்மத்தை ஜடம் என்றுதான் எழுதினார். ஜடத்துக்குக் கணக்கெழுதத் தெரியாது. எழுதுபவர்கள் நாம்.

மனிதர் செய்யும் வினைக்கு இந்த நோயில் இடமே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. ஈ.ஜி.எஃப். ஏற்பியின் உறவுக்காரரான ஹெர்-2, மார்பகப் புற்றுகளில் சுமார் 30 சதவீதத்தில் அளவுக்குமேல் பெருகியிருப்பதை 1987இல் டென்னிஸ் ஸ்லாமன் குழு காட்டியது. அதை அடைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து 1998இல் வந்தது. ராஸைப் பிடிக்கவே முடியாது என்று கைவிட்டிருந்தார்கள். அதன் ஒரு வகைப் பிழைக்கான முதல் மாத்திரை, பிழை கண்டுபிடிக்கப்பட்டு 39 ஆண்டுகள் கழித்து 2021இல் அனுமதி பெற்றது. ஒருவகை இரத்தப் புற்றில் ஓயாமல் இயங்கும் நொதியை நிறுத்தும் இமாடினிப் 2001இல் வந்தபோது, அதைத் தயாரித்த நோவார்ட்டிஸ் கம்பெனியின் விலை மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியப் பிரதி மருந்து சுமார் 8,000. 2013 ஏப்ரல் 1 அன்று இந்த மருந்துக்கான நோவார்ட்டிஸின் காப்புரிமைக் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. அந்த வழக்கில் புற்றுநோயாளிகளுக்கான ஓர் உதவிச் சங்கமும் எதிர்த்து நின்றது. எத்தனையோ பேரின் ஆயுளைத் தீர்மானித்த வினை இது. தேதியோடு, வழக்கு எண்ணோடு பதிவாகியிருக்கிறது.

இனி ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாருக்காவது நுரையீரல் புற்று என்று பயாப்ஸி அறிக்கை வந்தால், ஜாதகத்தைத் தூக்குவதற்கு முன் மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: ஈ.ஜி.எஃப். ஏற்பிப் பிழைக்கான சோதனை செய்தாயிற்றா? குறிப்பாக, நோயாளி புகைக்காதவர் என்றால் கட்டாயம் கேளுங்கள். மார்பகப் புற்று என்றால் ஹெர்-2 சோதனையைக் கேளுங்கள். எந்த மருந்து வேலை செய்யும் என்பதை அந்தச் சோதனைகள்தான் சொல்லும். சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே அவை நடக்கவேண்டும்.